வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்: புற்றுநோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கட்டி இருக்கு டாக்டர், ஆனா வலியே இல்ல." மார்பகப் புற்றுநோயோடு வரும் பெண்கள் பலரும் முதலில் சொல்வது இதுதான். ஏன் இத்தனை மாதம் வரவில்லை என்று கேட்டால் அதற்கும் இதுவே பதில். நோய் என்றால் வலிக்க வேண்டும், காய்ச்சல் அடிக்க வேண்டும், ஆளைப் படுக்கையில் தள்ள வேண்டும் என்று பழகிவிட்டோம். புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் இப்படி எதுவும் செய்வதில்லை. மார்பில் சிறு கட்டி, கன்னத்தின் உட்புறம் வெள்ளைப் படலம், கழுத்தில் நெறிக்கட்டு எல்லாம் வலியில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். வலிக்கும்வரை காத்திருப்பவர் நோய்க்கு அவகாசம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு புற்றுநோய் வரக்கூடும் என்கிறது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் மதிப்பீடு. ஆக, இது எங்கோ யாருக்கோ வருவது என்று சொல்லிக்கொள்ள இடமில்லை. சிகிச்சையில் நடக்கும் தவறுகளைவிட, சரியான டாக்டரின் முன்னால் போய் உட்காருவதற்கு முந்தைய மாதங்களில் நடக்கும் தவறுகளே அதிக உயிர்களைக் கொண்டுபோகின்றன என்பது என் கணிப்பு. அதனால் இங்கே அவற்றுக்குத்தான் அதிக இடம்.

பழகிய நோய் என்று நினைத்துக்கொள்வது

மலத்தில் ரத்தம் போகிறது. உடனே மூலம் என்று முடிவாகிவிடுகிறது. பஸ் ஸ்டாண்டு சுவரில் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்ற போர்டு கண்ணில் படுகிறது. ரத்தம் போகிறவர்களில் பலருக்கு உண்மையிலேயே மூலம்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயும் இதே ரத்தத்தோடுதான் தொடங்கும். சில நாள் மலச்சிக்கல், சில நாள் பேதி என்று வழக்கம் மாறுவது, போய்விட்டு வந்த பிறகும் முழுதாகப் போகாத உணர்வு, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை சேர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். டாக்டர் கையுறை போட்டு ஆசனவாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பது அரை நிமிட வேலை. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் வரும் கட்டிகள் பல அந்த விரலுக்கே தட்டுப்படும். கூச்சப்பட்டு நோயாளி வேண்டாம் என்பதும், அவசரத்தில் டாக்டர் விட்டுவிடுவதும் ஒன்றுக்கொன்று சளைத்த தவறுகள் அல்ல. இன்னொன்று: நடுவயதைத் தாண்டிய ஆணுக்கு ரத்தசோகை என்றால் இரும்புச்சத்து டானிக்கோடு நிறுத்தக் கூடாது. மாதவிடாய் இல்லாத உடம்பிலிருந்து ரத்தம் எங்கே போகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். பெரும்பாலும் அதற்கு எண்டாஸ்கோப்பியும் (வாய்வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது) கொலனாஸ்கோப்பியும் (ஆசனவாய்வழியாகப் பார்ப்பது) தேவைப்படும்.

நுரையீரல் புற்றுநோய் நம் நாட்டில் டிபியின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இருமல், சளியில் ரத்தம், எடை இழப்பு, எக்ஸ்ரேயில் நிழல் என எல்லாமே இரண்டுக்கும் பொது. சளியில் கிருமி தெரியாமலேயே டிபி மாத்திரை ஆரம்பித்து, இரண்டு மாதம் பார்ப்போம் என்று ஓட்டிவிட்டு, அப்புறம் ஸ்கேன் எடுக்கும்போது நோய் மறுபக்க நுரையீரலுக்கும் போயிருக்கும். சளியை மரபணு முறையில் சோதிக்கும் வசதி அரசு மருத்துவமனைகளில் இலவசம். கிருமி இல்லை என்று வந்து, மாத்திரைக்கும் நிழல் குறையவில்லை என்றால் சிடி ஸ்கேன், பயாப்சி (சிறு துண்டு திசுவை எடுத்துச் சோதிப்பது) பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். "நான் சிகரெட்டே தொட்டதில்லை" என்பதும் காப்பாற்றாது. புகைக்காதவர்களுக்கும், அதிலும் பெண்களுக்கும், இந்த நோய் வருகிறது.

வயிற்றுக்கு வந்தால் கதை 'கேஸ்', 'அல்சர்' என்று ஓடும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் அஜீரணம், இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைவது, கருப்பாக மலம் போவது எல்லாம் எண்டாஸ்கோப்பி கேட்கும் அறிகுறிகள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அமிலம் குறைக்கும் மாத்திரை, புற்றுநோயால் வந்த எரிச்சலையும் கொஞ்ச நாள் அடக்கிவிடும். மாத்திரை கேட்கிறது, ஆகவே அது கேஸ்தான் என்ற கணக்கு அங்கேதான் பொய்க்கிறது. இரைப்பைப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அதைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமிக்கு இரண்டு வார மருந்து இருக்கிறது. பாதியில் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

"வெறும் பாக்குதான் போடுறேன்"

வாய்ப் புற்றுநோயைப் பற்றி கொஞ்சம் நின்று பேச வேண்டும். கண்ணாடி முன் நின்று கண்ணாலேயே பார்க்கக்கூடிய புற்றுநோய் இது. அப்படியிருந்தும் முற்றிய நிலையில்தான் பலர் வருகிறார்கள்.

முதல் தவறு, புகையிலை மட்டும்தான் கெடுதல் என்று நினைப்பது. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேர்க்காத பான் மசாலா, கலர் பாக்குப் பொட்டலம், கல்யாண வீட்டுத் தாம்பூலத்தில் தொடங்கி அன்றாட வழக்கமாகிவிட்ட வெற்றிலைப் பாக்கு எல்லாம் இதில் அடங்கும். பாக்கோடு புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த மாவாவுக்கு அடிமையான பையன்களுக்கு இருபதுகளிலேயே கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் பாய்ந்து, விறைத்துப்போகிறது. காரம் பட்டால் தாங்காது. வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக, செங்குத்தாக வாய்க்குள் விட்டுப் பாருங்கள். சாதாரண வாய்க்குள் மூன்றும் போகும். இரண்டோடு நின்றால் பல் டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. இது இன்னும் புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய நிலை. இங்கேயே நிறுத்துகிறவர் பெரிய ஆபத்திலிருந்து தப்பிக்கிறார்.

இரண்டாவது, புண்ணுக்குப் பல்லைக் காரணம் சொல்வது. கூர்மையான பல் குத்திப் புண் வருவது உண்மை. அப்படியானால் பல்லை ராவிவிட்டால் இரண்டு வாரத்தில் ஆற வேண்டும். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண்ணுக்கு ஜெல் தடவிக்கொண்டே இருப்பதும், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை விழுங்குவதும் வீண். இடதுகன்னத்தில் வெற்றிலையை ஒதுக்குகிறவருக்குப் புண்ணும் பெரும்பாலும் இடதுகன்னத்திலேயே வரும் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

விட முடியவில்லை என்கிறவர்கள் புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கூப்பிடலாம். பாக்கெட்டில் இருக்கும் அந்தப் படத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிய கண்கள், எண்ணையும் சேர்த்தே தவறவிட்டுவிடுகின்றன.

கேட்கக் கூச்சம், காட்டக் கூச்சம்

மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பிறகு ஒரே ஒரு நாள் ரத்தம் பட்டாலும் அது பரிசோதிக்க வேண்டிய விஷயம். "சூடு" என்று சொல்லி மோர் குடிப்பதற்கானது இல்லை. தாம்பத்திய உறவுக்குப் பின் ரத்தம் படுவதும், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுவதும் அப்படியே. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ். அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே ஏறக்குறைய 70 சதவீத நோய்க்குப் பொறுப்பு. கிருமி தொற்றியதிலிருந்து புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை.

அந்த அவகாசத்தைப் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம். நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையை அங்கே பயிற்சி பெற்ற செவிலியர்கள் செய்தார்கள். அந்த ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையால் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்ற முடிவு 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் சோதனை இலவசம். முப்பது வயது தாண்டிய பெண்கள், எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே போய்ச் செய்துகொள்ள வேண்டியது இது.

எச்பிவிக்கான தடுப்பூசியிலும் இரண்டு குழப்பங்கள். "என் பொண்ணுக்கு எதுக்கு இந்த ஊசி, அவ நல்ல பொண்ணு" என்கிறார்கள் சில தாய்மார்கள். 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்வதே வைரஸ் தொற்ற வாய்ப்பு வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப்பலன் என்பதால். ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கணவன் ஒருவனோடு மட்டும் வாழும் பெண்ணுக்கும் தொற்றும். ஊசி போட்டாயிற்று, இனி பரிசோதனை வேண்டாம் என்பது மறுகுழப்பம். எல்லா வகை வைரஸையும் ஊசி தடுக்காது.

மார்பகத்துக்கு வந்தால்: வலியில்லாத கட்டி, தோல் ஆரஞ்சுத் தோல்போலக் குழிவது, காம்பு உள்ளிழுப்பது, காம்பில் ரத்தம் கசிவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். "எங்க பரம்பரையிலேயே யாருக்கும் இல்லையே" என்று ஆறுதல்படாதீர்கள். மார்பகப் புற்றுநோயில் ஐந்திலிருந்து பத்து சதவீதம்தான் பரம்பரை மரபணுவால் வருவது. ஆண்களுக்கும் அரிதாக வரும். பிரா, வாசனை ஸ்ப்ரே இவற்றால் வருவதாகச் சுற்றும் செய்திகளுக்கு ஆதாரம் இல்லை.

பயாப்சியைச் சுற்றி நடக்கும் கூத்து

ஊசி குத்தினால் கேன்சர் பரவிவிடும் என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. மார்பகக் கட்டியில் முறையாக எடுக்கும் ஊசி பயாப்சியால் நோய் முற்றிவிடுவதில்லை. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அது என்ன கட்டி என்று தெரியாமலேயே, பக்கத்து நர்சிங் ஹோமில் "சின்னக் கட்டிதான்" என்று அறுத்து எடுத்துவிடுவது. ஓரங்களில் நோய் மிச்சமிருக்கும். தழும்பின் நடுவே மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டிவரும். சில இடங்களில் எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கே அனுப்ப மாட்டார்கள். உறவினர் கையில் பாட்டிலைக் கொடுத்து, அதில் திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினுக்குப் பதில் வெறும் உப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தால் திசு கெட்டுவிடும். மார்பகக் கட்டியில் செய்யும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 சோதனைகளை அதில் நம்பிச் செய்ய முடியாது. அந்தச் சோதனைகள்தான் எந்த மருந்து என்று தீர்மானிக்கின்றன.

ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மெழுகில் பதித்த திசுத் துண்டு இருக்கும், சின்னப் பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டிய, தீப்பெட்டியைவிடச் சிறிய ஒன்று. அதை 'பிளாக்' என்பார்கள். அதையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். பெரிய மருத்துவமனையில் முதலில் கேட்பது அதைத்தான்.

முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் 'கேன்சர் டெஸ்ட்' என்று சேர்த்திருக்கும் ரத்தப் பரிசோதனையை நம்பிப் பணம் கட்டுவதும் தேவையற்றது. சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சிஏ 125 என்ற அளவு கருப்பைக் கட்டியிலும், மாதவிடாய் நாட்களிலும், வயிற்று டிபியிலும் கூடும். அளவு சரியாக இருந்தால் நோய் இல்லை என்றும் ஆகாது.

சிகிச்சை தொடங்கிய பிறகு

"முதலில் அறுத்து எடுத்துடுங்க, மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்று குடும்பம் டாக்டரை நெருக்கும். சில நோய்களில் கீமோதெரபி முன்னால் வந்தால்தான் கட்டி சுருங்கும், உறுப்பைக் காப்பாற்றலாம். மார்பகத்தில் தொடக்க நிலையில், கட்டியை மட்டும் நீக்கி ரேடியேஷன் கொடுப்பதும் மார்பகத்தை முழுதாக எடுப்பதும் உயிர் காப்பதில் சமம். முழுதாக எடுத்தால்தான் நிம்மதி என்பது மனசின் கணக்கு.

இரண்டு கீமோ ஊசியில் கட்டி கரைந்துவிட்டது என்று ஊருக்குத் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு நோய் மிச்சமிருக்கும். திரும்பி வரும்போது அதே மருந்துக்கு மசியாமல் போகலாம். ரேடியேஷனில் இடைவெளி விடுவது இன்னும் மோசம். கருப்பை வாய்ப் புற்றுநோயில் உள்ளே வைக்கும் கதிர்வீச்சையும் சேர்த்து மொத்தச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். கோயில் திருவிழாவுக்காக ஒரு வாரம் லீவு கேட்காதீர்கள்.

கீமோவுக்குப் பின் வரும் காய்ச்சலுக்கு வீட்டில் பாராசிட்டமால் போட்டுப் படுப்பது உயிருக்கே ஆபத்து. ஊசி போட்ட ஒன்று, இரண்டு வாரங்களில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டில் பத்தியம் என்று முட்டை, பால், மீனை நிறுத்தி, சர்க்கரையை ஒழித்தால் நோய் பட்டினி கிடந்து சாகும் என்று நம்புகிறார்கள். சாப்பிடாமல் மெலிகிறவர் நோயாளிதான். முள்சீதா இலைக் கஷாயமும் மற்ற மூலிகைகளும் கீமோ மருந்தோடு எப்படி மோதும் என்று தெரியாமல் ரகசியமாகக் கொடுப்பது வேண்டாம். கொடுத்தே தீருவேன் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டாவது கொடுங்கள்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நகையை அடகு வைத்து, பணமெல்லாம் தீர்ந்த பிறகு அந்த அட்டையைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. முதல் நாளே காட்டுங்கள்.

கடைசியாக வலி. மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் "கையை விரிச்சுட்டாங்க" என்று வீடு அழத் தொடங்குகிறது. மார்ஃபின் வலிக்கான மருந்து, சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதும் கொடுக்கலாம். சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் சாப்பிடுகிற நோயாளி அடிமையாகிவிடுவார் என்று பயந்து அவரை இரவெல்லாம் முனகவிடுவதில் யாருக்கும் லாபமில்லை. மலச்சிக்கல் மட்டும் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும். அதனால் மார்ஃபின் தொடங்கும் அன்றைக்கே அதற்கான மருந்தையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.