குருத்தெலும்புச் செல்களில் மைட்டோக்யூவைச் சோதிப்பது எப்படி?

மூட்டுத் தேய்மானத்தில் குருத்தெலும்புச் செல்களின் மைட்டோகாண்ட்ரியா பழுதாகி, ஆக்சிஜனேற்றச் சேதம் கூடுகிறது. கொலாஜனை அரிக்கும் எம்எம்பி-13 நொதியும் பெருகுகிறது. மைட்டோக்யூ என்னும் மருந்து இந்தச் சேதத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே தடுக்க உருவானது. இதில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பியான யூபிக்வினோனுடன் நேர்மின்னேற்றம் கொண்ட டிரைபீனைல்பாஸ்போனியம், பத்துக் கார்பன் சங்கிலியால் பிணைந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியச் சவ்வின் மின்னழுத்தம் ஒவ்வொரு 60 மில்லிவோல்ட்டுக்கும் இதை ஏறத்தாழ பத்து மடங்கு செறிவாக உள்ளே இழுக்கும். சோதனையில் நேரும் பிழைகள் பலவும் இதிலிருந்தே கிளம்புகின்றன.

பிரித்தெடுத்த செல்களை முதல் வளர்ப்பிலோ, ஒரே ஒரு முறை மாற்றி வளர்த்த பிறகோ பயன்படுத்துங்கள். தட்டையான தட்டில் மேலும் பெருக்கினால் வகை 2 கொலாஜன் குறைந்து வகை 1 தலைதூக்கும். அவை குருத்தெலும்புச் செல்களாகவே நடந்துகொள்ளாது. குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது என்பதால், வசதி இருந்தால் ஆக்சிஜனை 5 சதவீதத்தில் வையுங்கள்.

மைட்டோக்யூ மீசைலேட் 6.8 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். சிறு குழாய்களில் பிரித்து, ஒளி படாமல் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். செல்கள் மீது 0.05, 0.1, 0.25, 0.5, 1 மைக்ரோமோலார் என்று போய்ப் பாருங்கள். அதற்கு மேல் மருந்தே சூப்பர்ஆக்சைடு என்னும் வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்கிச் செல்களைக் கொல்லக்கூடும். வளர்ப்புத் தட்டின் எல்லாக் குழிகளிலும் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம், சீரமும் (வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் இரத்த நீர்) ஒரே அளவு. மருந்து சீரப் புரதத்தில் ஒட்டிக்கொள்வதால், சீரம் மாறினால் செல்லுக்குள் போகும் அளவும் மாறும்.

ஒரு மணி நேரம் மருந்து கொடுத்தபின், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் வீதம் சேர்த்து 24 மணி நேரம் விடுங்கள். பின் எம்எம்பி-13, வகை 2 கொலாஜன், செல்களின் உயிர்ப்பு மூன்றையும் அளவிடுங்கள். செத்த செல்லும் எம்எம்பி-13 சுரக்காது. அதைப் பலனாக எண்ணிவிடக் கூடாது.

டெசில்-டிரைபீனைல்பாஸ்போனியம் கொண்ட கட்டுப்பாட்டுக் குழியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். அதில் அதே மின்னேற்றப் பகுதியும் சங்கிலியும் உண்டு, யூபிக்வினோன் கிடையாது. அதுவும் எம்எம்பி-13ஐ அதே அளவு குறைத்தால், அந்தப் பலன் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பால் வந்ததன்று.

மைட்டோகாண்ட்ரியாவின் சூப்பர்ஆக்சைடைக் காட்டும் மைட்டோசாக்ஸ் சாயத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். அதுவும் அதே மின்னேற்றத்தால்தான் உள்ளே நுழைகிறது. மருந்து மின்னழுத்தத்தைக் குலைத்தால் ஒளிர்வு தானாகக் குறையும். மின்னழுத்தத்தைக் காட்டும் டிஎம்ஆர்எம் சாயத்தை 20 நானோமோலாரில் 30 நிமிடம் வைத்து அதைத் தனியே பாருங்கள். மைட்டோக்யூ முக்கியமாகத் தடுப்பது கொழுப்புப் பெராக்சைடேற்றத்தை, அதாவது சவ்வுக் கொழுப்பின் ஆக்சிஜனேற்றச் சேதத்தை. ஆகவே அதைக் காட்டும் மைட்டோபெராக்ஸ் சாயத்தின் அளவீடு இன்னும் நேரடியான சான்று.

தட்டில் பலித்த செறிவை நோயாளிக்கான மருந்தளவாகக் கணக்கிடக் கூடாது. அடுத்து இதையே குருத்தெலும்புத் துண்டில் செய்யுங்கள். அடர்ந்த, எதிர்மின்னேற்றம் கொண்ட அந்தத் திசுவுக்குள் மருந்து எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது அங்கேதான் தெரியும்.