பொது வளவில் நிறுத்திய கார் சேதமடைந்தால்: பொறுப்பாளி யார், செய்ய வேண்டியது என்ன

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஒரே வளவுக்குள் இரண்டு மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருப்பதும், உத்தியோகத்தர் விடுதிகளில் பல வீட்டு வாகனங்கள் ஒரே முற்றத்தில் நிற்பதும் வழமையாகிவிட்டன. கார், மோட்டார் சைக்கிள், லாண்ட்மாஸ்டர் (பெட்டி பூட்டிய இருசக்கர உழவு இயந்திரம்) எல்லாம் ஒரே கேற்றால் போய்வரும் அத்தகைய இடத்தில் கதவில் கீறலையோ நெளிந்த பம்பரையோ கண்டால், பலர் வளவின் சொந்தக்காரரையே முதலில் தேடிப்போகின்றனர். சட்டமோ யாருடைய கவனக்குறைவால் சேதம் நேர்ந்தது என்றே கேட்கிறது. இவ்வகை நட்டஈட்டுக்கு இலங்கையில் அடிப்படையாக உள்ள உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, அந்தக் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியவர் நட்டமடைந்தவரே.

ஆகவே காரை நகர்த்தவோ கழுவவோ முன்னர் சான்றுகளைச் சேர்க்க வேண்டும். கேற்றும் பக்கத்து வாகனங்களும் தெரியும்படி தூரத்திலிருந்து சில படங்களையும், அளவுநாடாவை நிலத்திலிருந்து பிடித்துக் கீறலின் உயரம் தெரியும்படி கிட்டத்திலிருந்து சில படங்களையும் எடுங்கள். மோட்டார் சைக்கிளின் கைபிடி நுனி, லாண்ட்மாஸ்டர் பெட்டியின் மூலை, இன்னொரு காரின் பம்பர் ஆகியவை உரசும் உயரங்கள் வெவ்வேறானவை என்பதால், அந்த ஒரு அளவே பல சந்தேகங்களைத் தீர்த்துவிடும். ஒட்டியிருக்கும் வேற்று நிறப் பெயிண்டையும் படமெடுங்கள். மாரி காலத்தில் ஒரு மழை அதைக் கழுவிவிடலாம். எதிர்க்கடையில் கமரா இருந்தால் அன்றைக்கே கேளுங்கள், ஏனெனில் பழைய பதிவுகளின் மேல் புதியவை பதியப்பட்டுவிடும். அயலவரிடம் "நீங்கள்தான் இடித்தீர்கள்" என்று தொடங்காமல், "ஏதாவது சத்தம் கேட்டதா" என்று விசாரியுங்கள். தவறாகச் சுமத்திய பழியுடன் அதே முற்றத்தில் இரு குடும்பங்கள் வாழ்வது மிகக் கடினம்.

பின்பக்கமாக எடுக்கும்போது நிற்கும் காரை இடித்தவர் பெரும்பாலும் பொறுப்பாளியாவார். ஆனால் கார் வழியை மறித்து நின்றிருந்தால் உரிமையாளரும் தவறில் பங்கேற்க நேரும், நட்டஈடும் அதற்கேற்பக் குறையும். பட்டுப்போன கொப்பைப் பற்றி அறிந்திருந்தும் வெட்டாமல் விட்ட வீட்டுக்காரர், அது விழுந்தால் பதில்சொல்ல வேண்டியவர். ஆதலால் மாரிக்கு முன்பே அதை எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றை வைத்திருங்கள். "சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும்" என்ற பலகை, இடித்துச் சென்ற இன்னொரு குடியிருப்பாளரைக் காப்பாற்றாது. கட்டாமல் விட்ட மாடு முட்டினால் அதன் உரிமையாளரிடம் கேட்கலாம். குரங்கு கண்ணாடியை உடைத்தால் கேட்பதற்கு ஆள் இல்லை. உங்கள் காப்புறுதியைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவரின் சொந்தக் காருக்கு அதிலிருந்து பணம் வராது. முழுக் காப்புறுதி இருந்தால் தாமதமின்றி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். இடித்தவரும் தமது நிறுவனத்தைக் கேட்காமல் தவறை எழுத்தில் ஒப்புக்கொள்ளக் கூடாது. அப்படி ஒப்புக்கொள்வதைக் காப்புறுதி ஒப்பந்தங்கள் வழமையாகத் தடைசெய்கின்றன. சேதம் சிறிதென்றால், கோரிக்கையால் இழக்கும் போனஸ் கழிவையும் (கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் குறைப்பு) கராஜ் செலவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டு கராஜ்களில் மதிப்பீடு பெற்று, தொகை, கொடுக்கும் திகதி, வாகன இலக்கங்கள் ஆகியவற்றை எழுதி இருவரும் ஒப்பமிட்டால், பல பிணக்குகள் முற்றத்திலேயே முடிந்துவிடும்.

இடித்தவர் மறுத்தாலோ, வேண்டுமென்றே சேதம் செய்யப்பட்டிருந்தாலோ, பொலிசில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து நாட வேண்டியது, மக்கள் இணக்கசபை என்றும் அழைக்கும் மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இச்சபையில் சட்டத்தரணிகள் இன்றி இரு தரப்பினரும் நேரே பேசலாம் என்பதால், அயலவர் பிணக்குக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பதே என் கருத்து. சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகளில், இணக்கம் ஏற்படவில்லை என்ற சபையின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. காப்புறுதி நிறுவனத்துடனான பிணக்கைக் இத்தகைய முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் கொண்டுசெல்லலாம்.

1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, இவ்வகை நட்டஈட்டு வழக்கைச் சேதம் நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். "அடுத்த போக அறுவடைக்குப் பிறகு தருகிறேன்" என்ற அயலவரின் வாய்ச்சொல்லை நம்பிக் காத்திருப்பவர்கூட, அந்தக் கடைசித் திகதியைக் கலண்டரில் குறித்துவைத்துக்கொண்டே காத்திருக்க வேண்டும்.