ஓடத் தொடங்கும் முன் ஆசனம்: குடும்ப வானில் நாம் விடும் தவறுகள்

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை பிரெட்ரிக் கோட்டையின் வாசலைக் கடந்ததும் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கும். வெள்ளிக்கிழமைகளில் அந்த ஏற்றம் நிறைய ஆட்கள் நடப்பார்கள். அவர்களுக்கிடையே முச்சக்கர வண்டிகள் நுழையும். கோட்டைக்குள் வாழும் புள்ளிமான்கள் எவருக்கும் அஞ்சாமல் குறுக்கே போகும். சில ஆண்டுகளுக்கு முன்னர் அப்படியொரு வெள்ளிக்கிழமை, பின்னால் அம்மம்மாவும் பிள்ளைகளுமாக ஏழு பேர் அமர்ந்திருக்க, மானொன்று கடக்கட்டும் என்று வானை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தபோது, நான் அமர்ந்திருந்த ஆசனம் என்னையும் தூக்கிக்கொண்டு பின்னால் வழுக்கிப் போனது. கால் பிரேக்கை எட்டவில்லை. வான் பின்னோக்கி உருளத் தொடங்கியது. ஹேண்ட் பிரேக் கைக்கு எட்டியதால், பின்னால் நடந்து வந்தவர்கள்மீது மோதாமல் வான் நின்றது.

நடந்தது இவ்வளவுதான். அன்று காலை என்னைவிட உயரமான தம்பி வானை ஓடியிருந்தான். நான் ஏறியதும் ஆசனத்தை முன்னால் இழுத்தேன். அது நின்ற இடத்தில் பூட்டிக்கொண்டதாக எண்ணிக்கொண்டேன். சமதரையில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஏற்றத்தில் வண்டி முன்னோக்கி உந்தியதும், உடலின் முழு எடையும் பின்பக்கம் சாய, பாதி பூட்டியிருந்த ஆசனம் விட்டுக்கொடுத்தது. ஆசனம் என்பது சொகுசுக்காக உள்ள பொருள் அன்று, அது பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் போல வாகனத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் ஒன்று என்பதை அன்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். பிறகு எங்கள் வானையும் உறவினர்களின் வான்களையும் கவனித்துப் பார்த்தபோது, ஆசனம் தொடர்பாக ஒரே வகையான தவறுகளையே எல்லோரும் விடுவதைக் கண்டேன்.

முதலாவது, பூட்டியதா என்று பார்க்காமல் விடுவது. ஆசனத்தின் அடியில் இரு பக்கமும் இரும்புத் தண்டவாளங்கள் உள்ளன. அவற்றில் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். முன்னாலுள்ள பிடியைத் தூக்கினால் அப்பள்ளங்களில் மாட்டியிருக்கும் பற்கள் விலகும், விட்டால் மறுபடி மாட்டும். சில வேளைகளில் ஒரு பக்கத்துப் பல் மாட்டி, மறுபக்கத்துப் பல் இரண்டு பள்ளங்களுக்கு நடுவே நின்றுவிடும். அப்போது ஆசனம் அசையாததுபோலத் தோன்றும், ஆனால் அது பூட்டியதாகாது. பிடியை விட்ட பின்னர் ‘டக்’ என்ற ஒலி கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். அதன்பின் பாதங்களைத் தரையில் ஊன்றி, உடலை முன்னும் பின்னும் பலமாக அசைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு மூன்று விநாடிகள்கூடப் பிடிக்காது.

எங்கள் ஊருக்கென்று இதில் ஒரு சிக்கல் உண்டு. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடலில் குளித்துவிட்டு ஈரக் காலுடன் ஏறும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு பிடி மணலை உள்ளே கொண்டுவருகிறார்கள். அம்மணல் விரிப்பில் தங்காமல் தண்டவாளத்துக்குள் இறங்குகிறது. எங்கள் வானின் ஆசனத்தைக் கராஜில் கழற்றியபோது, பள்ளங்களின் அடியில் உப்பும் துருவும் கலந்த மணல் அப்பம்போல இறுகிக் கிடந்தது; அதனால் பல் முழு ஆழத்துக்கு இறங்கவே இல்லை. ஆசனம் இறுகுகிறதே என்று சிலர் அங்கே எஞ்சின் எண்ணெயை ஊற்றுவார்கள். அது பெரிய தவறு, ஏனெனில் எண்ணெய் அடுத்த முறை வரும் மணலையும் சேர்த்துப் பிடித்து, சில வாரங்களில் கல்போல ஆக்கிவிடும். ஆசனத்தை முழுவதும் பின்னால் தள்ளி முன்பக்கத்தையும், முழுவதும் முன்னால் இழுத்துப் பின்பக்கத்தையும் காய்ந்த தூரிகையால் துலக்கி, தூசி உறிஞ்சும் கருவியால் மணலை எடுப்பதே சரியான வழி. அதன் பிறகும் பல் சரியாக மாட்டாவிட்டால், அந்த வானைக் கராஜுக்குக் கொண்டுபோவதற்கு மட்டுமே எடுக்க வேண்டும்.

அடுத்தது, அமரும் தூரம். கட்டையானவர்களும் புதிதாக ஓடப் பழகியவர்களும் ஸ்டியரிங்கை மார்போடு அணைத்தபடி அமர்கிறார்கள். பாதையின் ஓரம் நன்றாகத் தெரிகிறது என்பது அவர்கள் கூறும் காரணம். மோதலின்போது ஸ்டியரிங்குக்குள் இருக்கும் எயார்பேக் என்ற காற்றுப்பை கண்ணிமைக்கும் நேரத்தைவிட விரைவாக, மிகப் பெரிய வலுவுடன் வெடித்து விரியும். அது விரிவதற்கு இடம் வேண்டும். ஸ்டியரிங்கின் நடுவுக்கும் நெஞ்செலும்புக்கும் இடையே குறைந்தது 25 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். இதற்கு நேரெதிரான தவறைச் செய்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள்: முதுகைப் பின்னால் சாய்த்து, கையை நீட்டி, படுத்த நிலையில் ஓடுவது. இப்படிச் சாய்ந்தால் ஆசனப் பட்டி தோளைவிட்டு விலகி நிற்கும். மோதும்போது உடல் பட்டிக்குக் கீழால் வழுக்கிச் செல்ல, இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டி வயிற்றை அழுத்தி உள்ளுறுப்புகளைக் காயப்படுத்தும்.

சரியான நிலையை அறிவதற்கு அளவுநாடா தேவையில்லை. முதுகின் அடிப்பகுதி ஆசனத்தின் மூலையில் ஒட்டும்படி பின்னால் நகர்ந்து அமருங்கள். பிரேக்கை முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். கால் நேராக நீண்டுவிட்டால் அவசரத்தில் முழு வலுவுடன் மிதிக்க முடியாது. பிறகு தோள்கள் சாய்மானத்தை விட்டு எழாமல் கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். உயரம் போதாதவர்கள், ஆசனத்தை உயர்த்தும் பிடி இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டுமே தவிர, தலையணையை மடித்துப் போட்டு அதன்மேல் அமரக் கூடாது. திடீரென்று பிரேக் பிடிக்கும்போது அத்தலையணை உங்களையும் இழுத்துக்கொண்டு முன்னால் போகும். கண்ணாடிகளைக் கடைசியாகவே சரிசெய்ய வேண்டும், ஏனெனில் ஆசனம் நான்கு விரல் அளவு நகர்ந்தாலும் கண்ணாடியில் தெரியும் பாதை மாறிவிடும்.

தலைத்தாங்கியைப் பற்றி நம்மவர்களுக்கு அக்கறையே இல்லை. பின்னாலிருக்கும் பிள்ளைகளுக்கு மறைக்கிறது என்று அதைக் கழற்றிப் பின்பெட்டியில் போட்டுவிடுகிறார்கள், அல்லது அடிமட்டத்தில் இறக்கி வைத்திருக்கிறார்கள். பின்னாலிருந்து ஒரு வாகனம் மோதினால் உடலை ஆசனம் முன்னால் தள்ளும், தலை மட்டும் பின்னால் போகும். அந்த ஒரு கணத்தில் கழுத்தைக் காப்பதற்கென்று இருப்பது அந்தத் துண்டு மட்டுமே. அதன் மேல் விளிம்பு உச்சந்தலையின் மட்டத்துக்கு வர வேண்டும், பின்தலைக்கு இயன்றளவு அருகில் இருக்க வேண்டும். அது கழுத்துக்கு நேராக நின்றால் தலை அதற்கு மேலாக வளைந்து காயம் இன்னும் மோசமாகலாம்.

இலங்கையில் சாரதியும் முன்னால் அமர்பவரும் ஆசனப் பட்டி அணிவது 2011 ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. அதனால் முன்னால் இருப்பவர்கள் பொலிஸாரைக் கண்டாவது பட்டியை இழுத்து மாட்டுகிறார்கள். பின் வரிசைகளில் பட்டிகள் விரிப்புக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவது, ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, விழுவதற்குச் சமம். பட்டி அணியாமல் பின்னால் இருப்பவர் அந்த வேகத்தோடு முன்னாலிருப்பவரின் முதுகில் போய் மோதுவார். ஆகவே அம்மம்மா பட்டி அணிவது அவருக்கு முன்னால் இருக்கும் பேரப்பிள்ளையையும் காக்கிறது என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் அவரை இணங்க வைத்தோம்.

குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், தன் கைகள் போதும் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. அதே 50 கிலோமீற்றர் வேகம் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இல்லாமற்போனால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்துவதற்கு 140 கிலோவைத் தாங்கும் வலு வேண்டும். எந்தத் தாயின் கையிலும் அந்த வலு இல்லை. தன் பட்டிக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டுவது இன்னும் கொடிது. தாயின் உடல் குழந்தையைப் பட்டியோடு வைத்து நசுக்கிவிடும். சிறு குழந்தைக்கு அதற்கென்று செய்யப்பட்ட ஆசனம் வேண்டும், அது பின் வரிசையில் இருக்க வேண்டும். பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை ஆசனத்தை, எயார்பேக் இயங்கும் நிலையிலுள்ள முன் ஆசனத்தில் எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. சற்று வளர்ந்த பிள்ளைகளும் ஏறக்குறைய 145 சென்ரிமீற்றர் உயரத்தை எட்டும்வரை, பட்டி கழுத்தை அறுக்காதவாறு உயர்த்தும் சிறு ஆசனத்தின்மேல் அமர வேண்டும். கர்ப்பிணிகள் பட்டியைத் தவிர்க்கத் தேவையில்லை. கீழ்ப்பட்டியை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பின் மீதும், மேற்பட்டியை மார்புகளுக்கு இடையிலும் விட்டால் போதும். சேலைத் தலைப்பின் மடிப்புகள் பட்டிக்கு அடியில் தடித்துக் கிடக்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.

மூன்று வரிசை வான்களில் நடு வரிசைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கடைசி வரிசைக்குப் போவதற்காக அதை மடித்து முன்னால் தள்ளுகிறோம். எல்லோரும் ஏறியதும் அவசரமாகப் பின்னால் இழுத்துவிட்டு, கதவைச் சாத்திப் புறப்படுகிறோம். பின்னால் ஒரு பிள்ளையின் காலணி தண்டவாளத்தில் கிடந்தாலே அது பூட்டாது. பிடியைத் தொடுவதற்கு முன்னர் பின்னாலிருப்பவர்களின் கால்கள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பதும், பூட்டிய பின்னர் சாய்மானத்தைக் கையால் பிடித்து உலுப்பிப் பார்ப்பதும் பெரியவர் ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும். ஜப்பானிலிருந்து வரும் சில பழைய வான்களில் நடு ஆசனத்தைத் திருப்பிப் பின்வரிசையை நோக்கி வைக்கலாம். பிள்ளைகள் எதிரெதிரே அமர்ந்து சீட்டு விளையாட ஆசைப்படுவார்கள்; வான் நிற்கும்போது தாராளமாக விளையாடட்டும், ஆனால் ஓடும்போது ஆசனத்தைத் திருப்புவதை அனுமதிக்க வேண்டாம்; கைநூலில் உள்ள எச்சரிக்கை ஜப்பானிய மொழியில் இருப்பதால் அதை நம்மவர்கள் படிப்பதே இல்லை. இரு பக்கமும் தள்ளுகதவு உள்ள வானில் வலப்பக்கக் கதவுக்குப் பிள்ளைப் பூட்டைப் போட்டு வையுங்கள், ஏனெனில் நாம் இடப்பக்கமாக ஓடும் நாட்டில் வலக் கதவு ஓடும் வாகனங்களின் பக்கமாகத் திறக்கும்.

உருளும் பொருட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெருகல் முருகனுக்கோ தம்பலகாமம் ஆதிகோணநாயகருக்கோ புறப்படும் வானில் அருச்சனைத் தேங்காய்கள் ஆசனத்துக்கு அடியில்தான் பயணிக்கும். தண்ணீர்ப் போத்தலும் அங்கேயே கிடக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அவை முன்னால் உருண்டு பிரேக்குக்கு அடியில் போய் நின்றால், எவ்வளவு மிதித்தாலும் பிரேக் இறங்காது. தேங்காய்ப் பை பின்பெட்டியில், கடைசி ஆசனத்தின் சாய்மானத்தைவிட உயராமல் இருக்கட்டும். சாரதியின் காலடியில் விரிப்பின்மேல் இன்னொரு விரிப்பைப் போடுவதும், கழன்று போகும் செருப்புடன் ஓடுவதும் இதே வகைத் தவறுகள்.

ஆசனம் சரியாக இருந்தாலும், குடும்பம் நிறைந்த வான் இரவுப் பாதையில் வேறொரு வாகனமாகிவிடுகிறது. ஹபரணையிலிருந்து கந்தளாய் வரும் வழியில் யானைகள் குறுக்கிடும். மூதூர்ப் பக்கம் மாடுகள் சூடான தாரில் படுத்துக்கிடக்கும். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 19 மீற்றருக்கு மேல் கடக்கிறோம். தாழ்த்திய விளக்கில் தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய 40 மீற்றர். கண்டு, மனம் முடிவெடுத்து, கால் மிதித்து, வான் நிற்பதற்குள் அந்தத் தூரம் முடிந்துவிடும். சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் என்பதற்காக அதே வேகத்தில் இருட்டில் ஓடுவது தவறு. எல்லோரும் ஏறும் நாளில் டயர்க் காற்றை, சாரதியின் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டையில் முழுச் சுமைக்கு என்று குறித்துள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போதே நிரப்புங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

கச்சான் என்னும் வெப்பமான வறண்ட காற்று வீசும் மாதங்களில், ஐந்து நிமிட வேலைதானே என்று பிள்ளையைப் பூட்டிய வானுக்குள் விட்டுச் செல்லாதீர்கள். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பது அந்த வெப்பத்துக்குப் போதாது. ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

கொழும்புப் பயணங்களில் நானும் தம்பியும் இப்போதும் ஹபரணையில்தான் கைமாறுகிறோம். முன்னர் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே இடம் மாறி, ஓடத் தொடங்கிய பிறகு ஆசனத்தை இழுத்துக்கொள்வோம். இப்போது எஞ்சினை நிறுத்தி, ஆசனத்தை வைத்து, உடலை அசைத்துப் பார்த்து, கண்ணாடிகளைத் திருப்பி, பட்டியை மாட்டிய பின்னர்தான் சாவியைத் திருப்புகிறோம். பின்னாலிருக்கும் பிள்ளைகள் ‘டக்’ கேட்டதா என்று சத்தமாகக் கேட்பார்கள். கேட்டது என்று பதில் சொல்லாமல் வான் நகர்வதில்லை.