விழா மலருக்கு ஊர்ப் பெரியவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டையில் எந்தப் பள்ளி விழா மலர் போட்டாலும் தாள்கட்டு கடைசியில் என்னிடம்தான் வரும். ஓய்வுபெற்ற தமிழாசிரியை, பிழை திருத்திக் கொடுப்பேன் என்று பெயர். நிறுவனர் பற்றிய கட்டுரை பாதிக்குப் பாதி 'கொடை வள்ளல்' என்றுதான் ஆரம்பிக்கும். முதலில் அந்த வரியை அடிப்பேன்.

தொழிலில் தொடங்குங்கள். எங்கள் பேட்டைக்காரர் சர் பிட்டி தியாகராயரையே எடுத்துக்கொள்வோம். நீதிக்கட்சித் தலைவர் என்று தொடங்கினால் பாடப்புத்தக வாடை. இங்கே 100 கைத்தறி ஓட்டியவர் என்று தொடங்கினால் ஆள் கண்ணுக்குத் தெரிவார். உங்கள் ஊர்க்காரரும் தறி போட்டவர் என்றால் நூல் எங்கே வாங்கினார், கூலி எப்படிக் கொடுத்தார் என்று அந்தக் குடும்பத்துப் பாட்டிகளைக் கேளுங்கள்.

பதவியைச் சொல்லும்போது, அதில் உட்கார்ந்து என்ன செய்தார் என்றும் சொல்லுங்கள். தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவுக்குத் தீர்மானம் போட்டார்கள். பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் ஆகக்கூடாது என்று கணக்கு. பத்து அடைமொழியைவிட அந்த ஓர் அணா எனக்குப் பெரிது. வேண்டாம் என்று விட்டதையும் எழுதுங்கள். அதே ஆண்டு சட்டசபைத் தேர்தலில் கட்சி வென்றும் முதலமைச்சர் பதவியை அவர் ஏற்கவில்லை. சுப்பராயலு ரெட்டியார் வந்தார்.

கோயில் குடமுழுக்குக்கு 10,000 ரூபாய் கொடுத்த தியாகராயரை மேடையில் ஏற்றவில்லை என்று ஒரு கதை உண்டு. மயிலாப்பூர் என்பார் ஒருவர், திருவல்லிக்கேணி என்பார் இன்னொருவர். இப்படிப்பட்டதை வெட்ட வேண்டாம், 'என்று சொல்வார்கள்' என்று முடித்துவிடுங்கள்.

அப்புறம், அவர் பெயரில் இருப்பதெல்லாம் அவர் கட்டியதல்ல. டி.எச். ரோட்டில் இருக்கும் தியாகராயா கல்லூரி வந்தது 1950இல். அவர் மறைந்தது 1925இல். மெட்ரோ ஸ்டேஷனுக்கு அவர் பெயர் வந்தது நேற்றைய கதை.

ஆண்டு விஷயத்தில் நான் பட்டவள். ஒரு மலரில் நிறுவனர் பிறந்த ஆண்டு படத்துக்கு அடியில் ஒன்று, கட்டுரையில் வேறொன்று. கவனிக்காமல் விட்டது நான்தான். 500 பிரதி! இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினோம். மருமகள் இன்னும் சொல்லிக்காட்டுவாள். அதிலிருந்து எல்லா ஆண்டையும் தனித்தாளில் எழுதி, எதைப் பார்த்து எழுதினேன் என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்கிறேன். கல்வெட்டை நேரில் போய்ப் படியுங்கள். பெயின்ட் அடித்த கை 3ஐ 8 ஆக்கியிருக்கும். சட்டசபை, மாநகராட்சி சங்கதிகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், பழைய பத்திரிகைக்குக் கன்னிமாரா நூலகம்.

படத்தைக் கடைசியில் பாருங்கள். தியாகராயரை வெள்ளுடை வேந்தர் என்பார்கள். அப்படி வெள்ளை உடுத்தியவரை வெள்ளைப் பின்னணியில் அச்சடித்தால் தலை மட்டும் மிதக்கும். சுற்றி மெல்லிசாக ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.