விண்டோஸ் 11: ஹோம் போதுமா, புரோ வேண்டுமா? படிப்படியாக முடிவு செய்யும் முறை

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11க்கு மாறுபவர்கள் பலரும் எந்தப் பதிப்பை வாங்குவது என்று தயங்குகிறார்கள். புரோ போட்டால் கணினி வேகமாக ஓடும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஒரே கணினியில் ஹோம், புரோ இரண்டும் ஒரே வேகத்தில்தான் இயங்கும். டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பும் மாதந்தோறும் வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் இரண்டுக்கும் பொதுவானவை. வேறுபாடெல்லாம் சில கூடுதல் வசதிகளில்தான் இருக்கிறது.

படி 1: இப்போதுள்ள பதிப்பைப் பாருங்கள்

செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்ற வரிசையில் சென்றால், பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ‘எடிஷன்’ என்ற வரி தென்படும். அதையடுத்து வரும் ‘வெர்ஷன்’ என்பது 24எச்2 போன்ற ஆண்டு வெளியீட்டின் பெயர். அதற்கும் ஹோம், புரோ என்ற பிரிவுக்கும் தொடர்பில்லை.

படி 2: வட்டின் பாதுகாப்பை எடைபோடுங்கள்

மடிக்கணினி தொலைந்தால் அதிலுள்ள கோப்புகள் பிறர் கைக்குப் போகக்கூடாது என்பவர்கள் இந்தப் படியில் நிதானமாக நிற்க வேண்டும். ஹோமில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற எளிய குறியாக்க வசதி, அதாவது வட்டிலுள்ளவற்றைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி உண்டு; செட்டிங்ஸில் ‘பிரைவசி & செக்யூரிட்டி’ பகுதியில் அது காணப்பட்டால், உங்கள் கணினி அதற்கு ஏற்றது என்று பொருள். பொதுவாக மைக்ரோசாஃப்ட் கணக்குடன் உள்நுழைந்ததும் குறியாக்கம் செயல்பட்டு, பூட்டிய வட்டைத் திறக்க உதவும் மீட்புச் சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படும். புரோவில் உள்ள பிட்லாக்கர் இதைவிட விரிவானது: எந்த வட்டைப் பூட்டுவது, சாவியை எங்கே வைப்பது, கணினி தொடங்கும்போதே பின் எண் கேட்க வேண்டுமா என்பதையெல்லாம் நீங்களே தீர்மானிக்கலாம், பென் டிரைவையும் பூட்டலாம். எதைப் பயன்படுத்தினாலும், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டுத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அது தொலைந்தால் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் மீட்டுத்தர இயலாது.

படி 3: தொலைவிலிருந்து அணுகும் தேவை உண்டா?

வெளியூரில் இருந்துகொண்டு உங்கள் கணினியை ரிமோட் டெஸ்க்டாப் மூலம் இயக்க விரும்பினால், அணுகப்படும் அந்தக் கணினியில் புரோ இருக்க வேண்டும். எதிலிருந்து அணுகுகிறீர்களோ, அதில் ஹோம் இருந்தாலே போதும். இதுவும் பிட்லாக்கரும்தான் தனிநபர் ஒருவர் புரோவுக்குப் பணம் கொடுக்கத் தகுந்த காரணங்கள் என்பது என் கருத்து.

படி 4: மற்றவற்றை விரைவாகப் பாருங்கள்

ஹைப்பர்-வி, விண்டோஸ் சேண்ட்பாக்ஸ் ஆகிய மெய்நிகர் கணினி வசதிகள் (கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்குபவை) ஹோமில் இல்லை, புரோவில் உள்ளன. ஆனால் அதே வேலைக்கான இலவச மென்பொருள் விர்ச்சுவல்பாக்ஸ் ஹோமிலும் இயங்கும். டொமைன் எனப்படும், மையமாக நிர்வகிக்கப்படும் அலுவலக வலையமைப்பில் கணினியை இணைப்பதற்கும் குரூப் பாலிசி என்ற விதித் தொகுப்பை வைத்து நிர்வகிப்பதற்கும் புரோ தேவை. நினைவகத்தில் (ரேம்) ஹோமின் உச்சவரம்பு 128 ஜிபி என்பதால், வீட்டுப் பயன்பாட்டில் அது தடையாக வராது.

படி 5: வாங்கும் முன்

மேற்கண்டவற்றில் எதுவும் உங்களுக்கு உறுதியாகத் தேவைப்படவில்லை என்றால் ஹோமையே வாங்குங்கள். பின்னர் தேவை வந்தால், செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் வழியாகச் சென்று புரோவுக்கான உரிமச் சாவியை உள்ளிட்டால் போதும். கோப்புகளும் செயலிகளும் அப்படியே இருக்க, மறுதொடக்கத்துடன் மாற்றம் முடிந்துவிடும். புரோவிலிருந்து ஹோமுக்கு இறங்குவதற்கோ விண்டோஸை முதலிலிருந்து நிறுவியாக வேண்டும். உரிமத்தின் வகையையும் கேட்டுக்கொள்ளுங்கள்: கணினியுடன் சேர்ந்து வரும் ஓஇஎம் உரிமம் அந்தக் கணினியோடு கட்டுண்டது, தனியாக வாங்கும் ரீடெய்ல் உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து நீக்கிப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம்.