கொரியப் பெயருக்குப் பொருள் பார்க்க ஒரு குறுக்குவழி

கொரியப் பெயரின் அர்த்தம் வேண்டுமா? உச்சரிப்பை வைத்துத் தேடாதீர்கள். கொரிய விக்கிப்பீடியாவில் அந்தப் பெயருக்கு உரியவரின் பக்கத்தைத் திறந்தால், முதல் வரியிலேயே பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் சீன எழுத்துகள் இருக்கும். 'ஹான்ஜா' என்பார்கள். முதல் எழுத்து பெரும்பாலும் குடும்பப்பெயர், அதை விட்டுவிட்டு மற்றதை ஒவ்வொன்றாக அகராதியில் போட்டுப் பாருங்கள். ஐ.நா. முன்னாள் பொதுச்செயலாளர் பான் கி-மூன் பெயரில் 'கி' என்றால் அடித்தளம், 'மூன்' என்றால் எழுத்து.

ஒரே ஒலிக்குப் பல ஹான்ஜா உண்டு, பொருளும் எழுத்துக்கு எழுத்து மாறும். 2024-இல் இலக்கிய நோபல் வாங்கிய ஹான் காங் பெயரும், சியோல் நடுவே ஓடும் ஹான் ஆற்றின் கொரியப் பெயரும் காதுக்கு ஒன்றுதான். 'காங்' இரண்டிலும் ஆறுதான், ஆனால் 'ஹான்' வேறு வேறு எழுத்து. ஒலியை மட்டும் நம்பினால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவோம்.

அப்புறம், சகோதரர்களுக்குள் ஓர் அசை பொதுவாக இருந்தால் (சாம்சங் குடும்பத்தின் மேங்-ஹீ, சாங்-ஹீ, குன்-ஹீ மாதிரி) அது பெரும்பாலும் தலைமுறைக்கான எழுத்து. அதில் தனி அர்த்தம் தேட வேண்டாம்.

ஹனுல் (வானம்), அரும் (அழகு) போன்ற தூய கொரியப் பெயர்களுக்கு இந்த வழி உதவாது. அவற்றுக்கு ஹான்ஜாவே கிடையாது, சொல்லை நேராகக் கொரிய அகராதியில் பார்த்தால் போதும்.