பழைய சாமான் சேர்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் என் தங்கை மகள் காரைக்குடி போனாள். முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் பாதி நாள் சுற்றி, ஒரு லட்சுமி படம் வாங்கியிருக்கிறாள். ரவிவர்மா அச்சுப்படம், சேலை இருக்கும் இடத்தில் நிஜத் துணி ஒட்டி, ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்தது. போனில் காட்டினாள். அவ்வளவு அழகு. "படம் எங்கேடி?" என்றேன். "சட்டம் மாத்தக் குடுத்திருக்கேன் பெரியம்மா." அவளையும் இழுத்துக்கொண்டு அப்போதே ஆட்டோ பிடித்தேன்.

பேரம் பேசாமல் வாங்குவது, முதல் கடையிலேயே காசைத் தீர்ப்பது எல்லாம் இரண்டு தடவை ஏமாந்தால் தானாகத் தெளிந்துவிடும். நான் செய்து, இப்போது பிள்ளைகளும் அப்படியே செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

"புதுசு மாதிரி ஆக்கிக் குடுங்க"

என்னிடம் இருந்தது அதே மாதிரி துணி ஒட்டி ஜரிகை தைத்த சரஸ்வதி படம். தேக்குச் சட்டம், பூச்சி அரித்த பின்பலகை, மங்கிய கண்ணாடி. சட்டம் போடும் கடை ஒன்றில் கொடுத்து, மேலே உள்ள வாக்கியத்தைச் சொன்னேன். அவரும் சொன்னபடியே செய்தார், அதுதான் வினை.

ஒரு வாரத்தில் படம் பளபளவென்று வந்தது. தங்கக் கலர் பூசிய புதுச் சட்டம். அது சின்னதாக இருந்ததால், படத்தின் அடி விளிம்பில் அரை அங்குலத்தை வெட்டியிருந்தார். அந்த அரை அங்குலத்தில்தான் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பிறகு லோனாவ்லா பக்கம் இடம் மாறியது. அதற்குப் பின் வந்த படங்களில் கார்லா, லோனாவ்லா என்று ஊர்ப்பெயர் இருக்கும். அவருடைய படங்களைப் பார்த்துப் போட்ட மற்ற அச்சகங்களும் உண்டு. எது எங்கே அச்சானது என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி கத்தரியில் போய்விட்டது.

அடுத்தது ஜரிகை. அந்தக் காலத்து ஜரிகை என்றால் பட்டு நூல்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. கொஞ்சம் கறுத்திருந்தது. அதைப் பிய்த்துவிட்டு பிளாஸ்டிக் லேஸ் ஒட்டியிருந்தார். அச்சுப்படம் ஆயிரக்கணக்கில் வந்திருக்கும். அந்த உடுப்பு ஒன்றுதான். யாரோ ஒருத்தி கண் வலிக்க வலிக்கத் தைத்தது குப்பைக்குப் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போதாததற்குப் படத்தை முழுசாகப் பசை தடவி பிளைவுட்டில் ஒட்டிவிட்டார். காகிதம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். அசைய இடமில்லாவிட்டால் எங்காவது உப்பும். அடுத்த மழைக்காலத்தில் சரஸ்வதியின் கன்னத்தில் கொப்புளம். பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தவர், "கண்ணாடி நல்லாயிருக்கு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

ஆகவே, வாங்கியதும் கையை வைக்காதீர்கள். ஒரு மழைக்காலம் போகட்டும். அடியில் மரப்பொடி புதிதாக விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அப்போது பின்பலகையை மட்டும் மாற்றுங்கள், அமிலமில்லாத அட்டை கொடுத்து. படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஓவியம் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ஒட்டவில்லை என்றால், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஓரத்தில் மெல்லிய மரப்பட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். படத்தின்மேல் பசை படக் கூடாது. வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

ஜரிகைக்கு ரப்பர் பேண்ட்

பழைய சேலையின் ஜரிகைக் கரைகளைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு டப்பாவில் வைத்தேன். இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் பேண்ட் இருந்த இடமெல்லாம் கறுப்புக் கோடு. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். கஞ்சி போடாத, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, நாடாவால் தளர்வாகக் கட்டினால் போதும். கறுத்துவிட்டதே என்று எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வராதீர்கள். முலாமும் போய்விடும்.

பாசிமணித் தோரணத்தை வந்ததும் மாட்டுவது

மணி நன்றாக இருக்கும், நூல் இற்றிருக்கும். முதலில் போட்டோ எடுத்துக்கொண்டு, கீழே தட்டு வைத்துப் புது நூலில் கோத்துவிடுங்கள். எங்கள் வீட்டு அலமாரிக்கு அடியில் இன்னும் மணி கிடைத்துக்கொண்டிருக்கிறது.

பழைய எனாமல் கிண்ணத்தில் சாப்பிடுவது

வேண்டாம். அந்தச் சிவப்பிலும் மஞ்சளிலும் காட்மியம், ஈயம் இருக்கலாம். சட்டைப் பட்டன்களைப் போட்டு வைக்க எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு உறவுக்காரர் பெட்டியில் கொடுத்துவிடுவது

நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளை நாமாக நாட்டைவிட்டு அனுப்ப 1972-ஆம் வருடச் சட்டம் விடாது.

கோயில் பொருள்

தொடாதீர்கள்.

பின்பக்கத்தைப் பார்க்காதது

ஆட்டோவில் போனோமே, அந்தக் கடையில் லட்சுமி தப்பித்தாள். பின்பலகை மட்டும் கழன்று குப்பைக் கூடையில் கிடந்தது. தூக்கிப் பார்த்தால் மூலையில் ஒரு சீட்டு, முக்கால்வாசி பூச்சி தின்றது. "ரங்கூன்" என்பது மட்டும் படிக்க முடிந்தது. பலகையை அப்படியே பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் தங்கை மகள்.